தசையறிந்த கை

இத்தாலியின் வடக்கே நோவி லிகுரே என்றொரு சிற்றூர். அங்கே இறைச்சிக் கடையில் வேலைக்கு நின்ற ஒல்லிப் பையன் ஒருவன், சைக்கிளில் வீடுவீடாகக் கறி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அதே ஊரில் பியாஜோ கவான்னா என்ற மசாஜ் நிபுணர் இருந்தார். ஒரு காலத்தில் குத்துச்சண்டையில் ஈடுபட்டவர். பின்னர் பார்வையை இழந்தவர். இத்தாலியின் புகழ்பெற்ற சைக்கிள் வீரர்களின் கால்களெல்லாம் அவர் கைக்குப் பழக்கம். அந்தப் பையனையும் அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஃபாவுஸ்தோ கோப்பி என்பது பையனின் பெயர். 1940இல், 20 வயதில், இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ பந்தயத்தை வென்றார். 1949இல் ஜிரோ, டூர் டி பிரான்ஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரரானார்.

கவான்னா கால் பிடித்துவிட்டதோடு நின்றவர் இல்லை. என்ன சாப்பிட வேண்டும், இன்றைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம், எப்போது படுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கண்ணால் பார்க்க முடியாதவர், தொடையையும் கெண்டைக்காலையும் விரல்களால் படித்து வீரரின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார் என்பது அந்நாளில் அவருக்கு இருந்த பெயர். சைக்கிள் பந்தய உலகத்தில் அந்தப் பணி இன்றும் இருக்கிறது. டூர் டி பிரான்ஸில் 23 நாட்களில் 21 கட்டங்கள், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு மாலையும் விடுதிக்குத் திரும்பும் வீரருக்காக மசாஜ் மேசையை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு ‘சுவான்யர்’ என்று பெயர். காலையில் தண்ணீர் பாட்டிலும் உணவுப் பையும் கொடுப்பவர் அவர்தான். மாலையில் தொடையை நீவிவிடுபவரும் அவர்தான்.

நம் கிரிக்கெட் அணிக்கும் அப்படியொருவர் இருந்தார். 2011 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அணியின் உதவிக் குழுவில் இருந்த மசாஜர் ரமேஷ் மானே. தொலைக்காட்சியில் அவர் முகம் அதிகம் தென்பட்டதில்லை. ஆனால் பல ஆண்டுகள் இந்திய அணியின் கால்களும் தோள்களும் அவர் கைக்குள்தான் இருந்தன.

இந்தக் கைகள் உண்மையில் என்ன செய்கின்றன? ஆய்வுகளைப் படித்தபின் எனக்குக் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மசாஜ் ஒருவரை வேகமாக ஓட வைப்பதில்லை. ஆனால் வலியைக் குறைக்கிறது. மறுநாள் மீண்டும் களத்தில் இறங்கும் தெம்பைத் தருகிறது. விளையாட்டு வீரருக்கு அது சின்ன உதவி இல்லை. அந்த உதவி, அது மிகவும் தேவைப்படும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

லாக்டிக் அமிலம் என்ற பழங்கதை

உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: கடுமையாக உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடுகிறது, மசாஜ் அதைப் பிழிந்து வெளியேற்றுகிறது, அதனால் வலி போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. உழைப்பு நின்றபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடலே லாக்டேட்டைச் சரிக்கட்டிவிடுகிறது. இதயமும் தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு, உடனே முன்கைக்கு மசாஜ் செய்து பார்த்தார்கள். அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபட்டது. லாக்டேட் வெளியேறுவது அதிகரிப்பதற்குப் பதிலாகக் குறைந்தது.

சரி, அந்த வலி எங்கிருந்து வருகிறது? பள்ளியில் நூறு தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு இது தெரியும். அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை தொடை பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியாது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலையில், அதாவது உட்காரும்போது, இறங்கும்போது, வேகத்தை அடக்கி நிற்கும்போது, தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சீர்செய்ய உடல் அனுப்பும் அழற்சியும் சேர்ந்துதான் வலிக்கிறது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அந்த வலி உச்சத்தைத் தொடுகிறது. லாக்டேட் அதற்கு வெகு நேரம் முன்பே போய்விட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு முக்கியமாகிறது. 2012இல் வெளிவந்தது. மார்க் டார்னபோல்ஸ்கி என்ற மருத்துவரின் குழு 11 இளைஞர்களைச் சேர்த்தது. களைத்து விழும்வரை அவர்களை நிலையான சைக்கிளில் மிதிக்க விட்டார்கள். பிறகு ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிட மசாஜ். மற்றக் காலைச் சும்மா விட்டுவிட்டார்கள். ஒரே உடல், ஒரே உழைப்பு, ஒரே உணவு; இரண்டு கால்களுக்கும் இடையில் வித்தியாசம் அந்தப் பத்து நிமிடம் மட்டுமே. பயிற்சிக்கு முன்பும், மசாஜ் முடிந்த உடனேயும், இரண்டரை மணி நேரம் கழித்தும் தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். தங்கள் தொடையை இத்தனை முறை குத்தவிட்ட அந்த 11 பேருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டேட் அளவில் எந்த மாற்றமும் இல்லை. விரல்களின் அழுத்தம் தசைச் செல்லுக்குள்வரை எட்டுகிறது, அங்கே வேதி மொழியில் பதில் வருகிறது என்பதைத் தசையையே எடுத்துப் பார்த்துச் சொன்ன ஆய்வு அது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக்கூடாது. செல்லில் கண்ட மாற்றம் ஓட்டப் பாதையில் வேகமாக மாறும் என்றும் அவர்கள் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் நிறுவனம் 2021இல் இதை இன்னொரு பக்கமிருந்து அணுகியது. காயம்பட்ட எலிக் கால்களைச் சிறிய இயந்திரக் கருவியால், ஒரே சீரான அழுத்தத்தில், இரண்டு வாரம் அழுத்திவிட்டார்கள். அந்தத் தசைகள் கூடுதல் வலுவோடு மீண்டன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் காயத்தில் முதலில் வந்து குப்பையை அகற்றும். ஆனால் நெடுநேரம் தங்கினால் புதுத் தசை வளர்வதைக் கெடுக்கும். அழுத்தம் அவற்றைச் சீக்கிரம் வெளியேற்றியது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் “மசாஜ் சுகம் மட்டும்தான், வேறொன்றுமில்லை” என்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

வேகம் கூடாது, வலி குறையும்

ஆய்வுக் கூடத்தில் நடந்ததை விடுவோம். களத்தில் என்ன கிடைக்கிறது? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2020இல், 1,012 பேர் பங்கேற்ற 29 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வலிமை, தாண்டுதல், குறுந்தூர வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் எதிலும் மசாஜால் முன்னேற்றம் இல்லை. ஆனால் உடல் வளையும் தன்மையில் சுமார் 7 சதவீதமும், தாமதமாக வரும் தசைவலியில் சுமார் 13 சதவீதமும் நன்மை தெரிந்தது. பிரான்ஸில் ஒலிவியே துய்புய் தலைமையிலான குழு 2018இல் 99 ஆய்வுகளை அலசியது. குளிர்நீர்க் குளியல், இறுக்கமான காலுறை, தசை நீட்டல் எனப் பல வழிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, தசைவலியையும் களைப்புணர்வையும் குறைப்பதில் முதலிடத்தில் நின்றது மசாஜ்.

பிரேசிலில் நடந்த அயர்ன்மேன் போட்டியில் ஓர் ஆய்வு நடந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் முழு மாரத்தான். முடித்துவிட்டுத் தொடை வலியோடு வந்தவர்களில் 74 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தொடையில் 7 நிமிட மசாஜ், மறுபாதிக்கு வெறும் ஓய்வு. மசாஜ் பெற்றவர்களுக்கு வலி சற்றே குறைந்தது; களைப்புணர்வு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஏழே நிமிடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரமும் வாசனை எண்ணெயும் மெல்லிய இசையும் இதற்குத் தேவைப்படவில்லை.

வலி எப்படிக் குறைகிறது என்பதற்கு 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். முழங்கால் எங்காவது இடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்து செல்லும் தடித்த நரம்புகள், வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்புகளின் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்றார்கள். பிற்காலத்தில் அந்தக் கொள்கையில் திருத்தங்கள் வந்தாலும் அதன் மையம் நிலைத்திருக்கிறது. அழுத்தத்தை நரம்பு எப்படி உணர்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே அண்மையில்தான் தெளிவான பதில் கிடைத்தது. அழுத்தம் பட்டால் திறக்கும் பியசோ என்ற புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன், 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விளையாட்டு வீரர் அல்லாதவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீரென வரும் சாதாரண முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பு முயன்று பார்க்கச் சொன்னவற்றில் வெப்ப ஒத்தடமும் மசாஜும் உண்டு. நாள்பட்ட முதுகுவலிக்கான சான்றுகள் அத்தனை வலுவானவை இல்லை. சில வாரங்களுக்கு ஆறுதல் கிடைக்கும். நிரந்தரத் தீர்வுக்கு நடையும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும்தான் வழி.

நம்மிடம் இருந்தது

இதையெல்லாம் கனடாவும் ஹார்வர்டும் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று குமரி மாவட்டத்து ஆசான் ஒருவர் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அடிமுறையும் சிலம்பமும் கற்றுக்கொடுத்த களரியிலேயே அடிபட்டவரைத் தேற்றும் வித்தையும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அடிக்கத் தெரிந்தவனுக்கு ஆற்றவும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. வர்மம் 108 என்று கணக்கு வைத்து, அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று பிரித்தவர்கள் அவர்கள். அடிபட்ட இடத்துக்கேற்பத் தடவுமுறையும் தைலமும் மாறும். காயத்திருமேனித் தைலம் இன்றும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதை விரித்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் மேற்கத்திய மசாஜை நீவல், பிசைதல், உராய்தல், தட்டல் என்று வகைப்படுத்தினார். இன்று உலகமெங்கும் ‘சுவீடிஷ் மசாஜ்’ என்று விற்பனையாவது பெரும்பாலும் அவருடைய வகைப்பாடுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்முடையது ஒன்றும் குறைந்ததில்லை.

ஆனால் பெருமை பேசுவதோடு நான் நின்றுவிட முடியாது. மெட்ஸ்கரின் முறையை அவருக்குப் பின் வந்தவர்கள் சோதித்தார்கள், அளந்தார்கள், பொய்த்ததைக் கைவிட்டார்கள். தொக்கணத்துக்கும் வர்மத்துக்கும் அந்த வேலை போதிய அளவு நடக்கவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆசான்கள் இருக்கிறார்கள். வலியோடு விளையாடும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு காலுக்குத் தொக்கணம், மறுகாலுக்கு ஓய்வு என்று மெக்மாஸ்டர் செய்த எளிய சோதனையை இங்கே விரிவாகச் செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ரகசியம் காப்பதால் ஒரு கலை வாழாது. ஆசான்கள் மனம் திறக்க வேண்டும். மருத்துவர்களும் அவர்களை மரியாதையோடு அணுக வேண்டும்.

கை வைக்கக் கூடாத நேரம்

2016இல் தில்லியில் நடந்ததை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இறகுப்பந்து விளையாடும்போது 23 வயது இளைஞருக்குக் கணுக்காலில் அடிபட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்தபின்னும் காலில் வலியும் வீக்கமும் இருந்தன. மகன் படும் பாட்டைப் பார்த்துத் தாய் எண்ணெய் தடவி நீவிவிட்டார். கட்டுக்குள் அசையாமல் இருந்த காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் உறைந்திருந்த கட்டி அசைந்து நுரையீரலுக்குப் போனது. இளைஞர் இறந்தார். எய்ம்ஸ் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அந்தத் தாய் செய்தது நம் வீடுகளில் எந்தத் தாயும் செய்வதுதான். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் வலியோடு இருந்தால், அதிலும் கட்டுப் போட்டிருந்த கால் என்றால், எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள்.

புதிய காயமும் அப்படித்தான். தொடையில் முட்டி பலமாக இடித்து ரத்தம் கட்டியிருக்கும்போது “சுளுக்கு வழிக்கிறேன்” என்று அழுத்தி உருவினால் ரத்தக்கசிவு கூடும். சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு போல் சுண்ணாம்பு படியும். மாதக்கணக்கில் களத்தை விட்டு விலகியிருக்க வேண்டி வரும். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் ஆழமான அழுத்தம் வேண்டாம். எலும்பு முறிவா, சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தெரியாத மூட்டில் கை வைக்க வேண்டாம். காய்ச்சல், தோல் தொற்று உள்ளபோதும் வேண்டாம். மசாஜ் செய்யும் அதிர்வுத் துப்பாக்கி இப்போது கைபேசியைப் போல எல்லா ஓட்டக்காரர்களின் பையிலும் இருக்கிறது. அதைத் தசைமீது மட்டும் வையுங்கள்; கழுத்தின் முன்பக்கத்திலும் எலும்பின் மீதும் வைக்கவே கூடாது.

வேறொரு ஆபத்தும் உண்டு. அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். மசாஜ் மேசையில் படுத்திருப்பவர் உடலை மட்டும் ஒப்படைப்பதில்லை, நம்பிக்கையையும் ஒப்படைக்கிறார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பல்லாண்டுகள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நேரில் வந்தும் எழுத்து மூலமும் சாட்சி சொன்ன பிறகு, அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. பதக்கம் வாங்கித் தருகிறார்கள் என்ற மயக்கத்தில் எத்தனையோ பெரியவர்கள் பிள்ளைகளின் புகாரைக் காதில் வாங்கவில்லை. 18 வயதுக்குட்பட்டவருக்கு மசாஜ் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோரோ ஆசிரியையோ உடனிருக்க வேண்டும், எங்கே தொடப்போகிறோம் என்று முன்னதாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெண்கள் அணிகளுக்குப் பெண் சிகிச்சையாளர்கள் வேண்டும். பெண்கள் ஆண்கள் அணியிலும் பணியாற்ற முடியும் என்பதை ஐபிஎல் கிரிக்கெட்டின் ராயல் சேலஞ்சர்ஸ் அணி 2019இல் நவ்நிதா கௌதமை மசாஜ் சிகிச்சையாளராக நியமித்தபோது நாடே பார்த்தது.

அந்த மேசையருகே நேர்மையும் பிறந்திருக்கிறது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் சுவான்யராக இருந்த எம்மா ஓ’ரைலி, 1999 டூர் டி பிரான்ஸின்போது அவருக்கு மசாஜ் செய்துகொண்டிருக்கையில் ஊக்கமருந்து தொடர்பாகக் காதில் விழுந்த பேச்சைப் பின்னாளில் உலகுக்குச் சொன்னார். அதற்காக வழக்கையும் அவதூறையும் சுமந்தார். 2013இல் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டபோது, உண்மை யார் பக்கம் இருந்தது என்று தெரிந்தது.

பொங்கல் கபடியும் வலி மாத்திரையும்

பொங்கலை ஒட்டி நம் ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம். ஜெயிக்க ஜெயிக்க, ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். பாடிப் போகிறவனின் கணுக்காலைப் பிடித்து இழுக்கிறார்கள். ஐந்தாறு பேர் மேலே விழுகிறார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அவனுக்குக் கிடைப்பது ஒரு ஸ்பிரே, ஒரு துணிக்கட்டு, மிஞ்சிப்போனால் ஒரு வலி மாத்திரை. வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் திரும்பத் திரும்ப விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. அந்த இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் பத்து நிமிடம் தொடையையும் கெண்டைக்காலையும் நீவிவிட்டால், வலியும் களைப்பும் தணியும். மூட்டு தளர்ந்திருப்பவனைத் தடவும்போதே கண்டுபிடித்து “நீ அடுத்த ஆட்டம் இறங்காதே” என்று சொல்லவும் ஆள் கிடைக்கும். என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய பயன். கவான்னா கோப்பிக்குச் செய்ததும் அதுதான்.

ஜப்பானில் மசாஜ் செய்பவருக்கு அரசுத் தேர்வும் உரிமமும் உண்டு. 1947லேயே சட்டம் வந்துவிட்டது. பார்வையற்றவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த தொழில் அங்கே அது; அவர்களுக்கு மரியாதையான வாழ்வும் அதில் கிடைத்தது. நம் நாட்டிலும் பார்வையற்ற இளைஞர்களுக்கு உடற்கூறு கற்பித்து இந்தப் பணியில் அமர்த்தலாம். விளையாட்டு விடுதிக்கு ஒருவர் என்று தொடங்கினாலே போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் அவர்கள் பணியாற்றட்டும்.

அதுவரை, வீட்டில் ஓட்டக்காரரோ கபடி வீரரோ இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை களைத்து வந்தால் முதலில் வயிறாரச் சாப்பாடு, பிறகு நல்ல தூக்கம். மசாஜ் இவற்றுக்குப் பின்னால்தான். நல்லெண்ணெயோ தைலமோ எதுவானாலும் சரி, பாதத்திலிருந்து தொடையை நோக்கி, தாங்கக்கூடிய அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நீவிவிடுங்கள். வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன் என்று நினைக்காதீர்கள். பெரிய போட்டிக்கு முந்தைய நாள் பழக்கமில்லாத ஆழமான மசாஜைப் புதிதாக முயலாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மசாஜால் மூடி மறைக்காதீர்கள்.

மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கும், கபடிக் கழகங்களுக்கும், போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெற்றிக் கோப்பைக்கும் விளம்பரப் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அடுத்த பொங்கல் போட்டியில் மைதானத்து ஓரமாக ஒரு மேசை போடுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரை அதன் அருகே நிறுத்துங்கள்.